மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் அரும்பு புத்தகம் ஏன்?

வேலூர் மாவட்டத்தில் எந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி வாசலில் சாயங்காலம் நின்றாலும் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும்: "இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க?" பிள்ளை சொல்லும்: "பாட்டு பாடினோம், குச்சி எண்ணினோம்." வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் பாடநூலில் புதிதாக ஒரு பக்கமும் நடத்தின அடையாளம் இருக்காது. ஒரு பயிற்சி நூல் இருக்கும், அதில் 'அரும்பு' என்று போட்டிருக்கும். படிப்பதோ மூன்றாம் வகுப்பு. பக்கத்து வீட்டில் மெட்ரிக் பள்ளிக்குப் போகிற அதே வயதுப் பிள்ளை மூன்று பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது, நம் பிள்ளைக்கு அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பெற்றவர்களுக்குக் கலக்கம் வருவது நியாயம்தான்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் 'இந்த வாரம் என்ன பாடம்' என்ற கேள்விக்கான பதில் இப்போது பக்க எண்ணில் இல்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, இந்த வாரம் எந்தத் திறனுக்கு வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. இது புரிந்துவிட்டால் பையில் இருக்கும் புத்தகமும் புரியும், ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

எங்கிருந்து வந்தது இந்த மாற்றம்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் போய்விட்டது. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பேர் கொடுத்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அது முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோதே இரண்டாம் வகுப்பில் பாதி வருடம் முடியப்போகிறது; அ, ஆ தெரியாது, பென்சில் பிடிக்கக்கூடப் பழக்கமில்லை, கையில் கொடுத்ததோ இரண்டாம் வகுப்புப் புத்தகம்.

இந்தப் பள்ளத்தை மூடத்தான் 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் 2025க்குள் பிழையில்லாமல் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அன்று வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அப்புறம் 2023-24 கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. ஒன்றிய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த 'நிபுண் பாரத்' திட்டமும் இதே அடிப்படைத் திறன்களைத்தான் குறிவைக்கிறது, அதற்கு வைத்த கெடு 2026-27.

எட்டு வயது ஏன் என்று கேட்டால், நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் போதும். பத்தி பத்தியாக இருக்கும். சொல் சொல்லாக எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை, வரியின் கடைசிக்கு வரும்போது வரியின் தொடக்கத்தை மறந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அறிவியல் வராமல் இல்லை, அறிவியல் வரைக்கும் போய்ச் சேரவே முடியவில்லை.

அரும்பு, மொட்டு, மலர்

இந்தச் சொற்கள்தான் பெற்றோரை அதிகம் குழப்புகின்றன. தோராயமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

1. அரும்பு: ஒன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. எழுத்துகளை அடையாளம் காண்பது, சின்னச் சொற்களைப் படிப்பது, பொருள்களை எண்ணுவது, சிறிய எண்களைக் கூட்டுவது, கழிப்பது.

2. மொட்டு: இரண்டாம் வகுப்புக்கு உரியவை. உயிர்மெய் எழுத்துகள் கலந்த சொற்கள், சின்ன வாக்கியங்கள், இரண்டு இலக்க எண்கள்.

3. மலர்: மூன்றாம் வகுப்புக்கு உரியவை. ஒரு பத்தியைப் படித்துப் புரிந்து பதில் சொல்வது, சொந்தமாக நாலு வரி எழுதுவது, மூன்று இலக்க எண்கள், பெருக்கல், வகுத்தல்.

பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு, எந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு. ஆசிரியர் முதலில் ஒரு அடிப்படை மதிப்பீடு வைத்துப் பார்க்கிறார், அதன்படி நிலை தெரிகிறது. மூன்றாம் வகுப்பிலேயே மூன்று நிலைப் பிள்ளைகளும் இருக்கலாம். இந்த நிலை பாடத்துக்குப் பாடம் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: தமிழில் மலரில் இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டில் இருக்கலாம். அதனால் "என் பிள்ளை அரும்பா?" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டு மனசு உடைந்து போக வேண்டாம். எந்தப் பாடத்தில், எதில் தடுமாறுகிறது என்று கேளுங்கள்.

மூன்றாம் வகுப்புப் பையில் அரும்பு புத்தகம் இருக்கிறதென்றால், பிள்ளையைத் தரம் இறக்கிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

ஒரு தமிழ் வகுப்பு: 'கொ' என்ற ஓர் எழுத்து

பாட்டு, கதை, அட்டை விளையாட்டு என்று பிள்ளை சொல்வதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒரே ஓர் எழுத்தை வைத்துப் பார்க்கலாம்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. இதைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும், ஆனால் பிள்ளை 247 உருவத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உயிரும் மெய்யும் தெரிந்து, துணை எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன என்பது பிடிபட்டால் மீதி தானாக வரும். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று நாம் சொல்கிறோமே, அவைதான் அந்தத் துணை எழுத்துகள்.

சிக்கல் வருவது 'கொ' வரிசையில். 'கா' என்றால் க எழுதி, அப்புறம் கால். எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒத்துப்போகிறது. 'கெ' என்றால் கொம்பு முன்னாடி வருகிறது, ஆனால் வாயில் முதலில் வருவது க் ஒலி. இங்கேயே ஒரு தடுமாற்றம். 'கொ' என்றால் முன்னாடி கொம்பு, நடுவில் க, பின்னாடி கால். மூன்று துண்டு, ஒரே ஒலி. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகின பிள்ளை என்ன செய்யும்? 'கெ' என்று படித்துவிட்டு, மிச்சமிருக்கும் காலை விட்டுவிடும், அல்லது 'கெ-ஆ' என்று இழுக்கும்.

வேலூர் பேருந்து நிலையத்தில் 'பள்ளிகொண்டா' என்று பலகை மாட்டின வண்டி நிற்கும். மொட்டு நிலைக்கு இன்னும் வராத பிள்ளை அதைப் 'பள்ளிகெண்டா' என்று படிக்கும். பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ப, ள்ளி, ண், டா எல்லாம் வந்திருக்கிறது, ஒரே ஒரு இடத்தில்தான் முடிச்சு விழுந்திருக்கிறது. நல்ல ஆசிரியருக்கு அந்த ஒரு தவறே போதும். அடுத்த நாள் கொடி, கொக்கு, கொய்யா, பொம்மை, தொட்டி என்று சொல்லட்டைகளை எடுத்து வருவார், கொக்கு பாட்டு ஒன்று பாடச் சொல்வார். பிள்ளை வீட்டில் வந்து "பாட்டு பாடினோம்" என்று சொன்னது அந்தப் பாட்டைத்தான்.

இதோடு ஒட்டின இன்னொரு விஷயம். 'அணைக்கட்டு' என்ற பலகையில் இருக்கும் 'ணை'யை வீட்டில் ஆயா வேறு மாதிரி எழுதிக் காட்டலாம், யானைத் தும்பிக்கை மாதிரி முன்னாடி வளைந்த சுழி போட்டு. அது தவறில்லை. 1978 அக்டோபரில் அரசு ஆணை போட்டுப் பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்தவர்கள் கை பழைய வடிவத்திலேயே ஓடும். பிள்ளை குழம்பினால் "இது ஆயா காலத்து எழுத்து, இது உன் புத்தகத்து எழுத்து, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் சரியாகிவிடும்.

ஒரு கணக்கு வகுப்பு: 52 – 27

இப்போது குச்சிக்கு வருவோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 52 – 27 = 35 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். விடை 25. பிள்ளை கவனக்குறைவாகப் போட்டுவிட்டது என்று தோன்றும். இல்லை, அது ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது: 2, 7 இரண்டில் பெரியது 7, சிறியது 2, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 5. அடுத்து 5, 2, கழித்தால் 3. ஆக 35. அந்தப் பிள்ளை பார்ப்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனி இலக்கங்களை. 52 என்ற ஒரு முழு எண்ணை அது இன்னும் பார்க்கவில்லை.

நம் காலத்தில் இதற்குக் "கடன் வாங்கிக் கழி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் போய் 1 கடன் வாங்கு என்பார்கள். ஏன் 1 வாங்கினால் 10 ஆகிறது, வாங்கின கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது, யாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. இப்போது புத்தகத்தில் இருக்கும் சொல் 'இன மாற்றம்'. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது என்று பொருள். எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நடப்பதை அப்படியே சொல்கிறது.

வகுப்பில் அது நடக்கும் விதம்:

1. பிள்ளை கையில் ஐந்து கட்டு, கட்டுக்குப் பத்துக் குச்சி, உதிரியாக இரண்டு குச்சி. இதுதான் 52. தீப்பெட்டிக்குப் பேர்போன குடியாத்தம் பக்கம் மருந்து வைக்காத குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது, இல்லையென்றால் துடைப்பக் குச்சி.

2. ஏழு குச்சி எடு என்கிறார் ஆசிரியர். உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். இந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படாமல் இருப்பதுதான் முக்கியம்.

3. பிள்ளையே ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்க்கும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் இன்னும் 52தான், ஒரு குச்சியும் கூடவில்லை, குறையவில்லை.

4. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. நாலு கட்டில் இரண்டு போனால் இரண்டு. 25.

இதைக் கையால் பத்து முறை செய்த பிள்ளைக்கு, நோட்டில் 5ஐ அடித்து மேலே 4 போடுவதற்குக் காரணம் தெரியும். வீட்டிலும் செய்யலாம்: ஐந்து பத்து ரூபாய் நோட்டு, இரண்டு ஒரு ரூபாய் நாணயம் கொடுத்து, 27 ரூபாய்க்குக் காய் வாங்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டுக்குச் சில்லறை மாற்றாமல் சரியாகக் கொடுக்க முடியாது. அதுதான் இன மாற்றம்.

ஒரே வகுப்பறையில் மூன்று வகுப்பு

"தனித்தனியாக உட்காரவைத்து நடத்தினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் ஆசிரியர் எண்ணிக்கையில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. கிராமத்துப் பள்ளி பலவற்றில் மொத்தமே 60க்குக் கீழேதான். அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, மற்றவர் நான்கும் ஐந்தும். அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ வட்டார வள மையத்துக்குப் போனால், அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

இப்படிப்பட்ட வகுப்பறையில் மூன்று வகுப்புக்கு மூன்று பாடநூலை நடத்த நினைத்தால், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டும் கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்கார வேண்டியதுதான். நிலைவாரியாகப் பிரிக்கும்போது பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது, அப்புறம் பயிற்சி மட்டும் அவரவர் நிலைக்குத் தகுந்தாற்போல. இந்த ஏற்பாடு இரண்டு ஆசிரியர் பள்ளிக்குப் பொருந்துகிறது என்பது உண்மை. அதற்காக இரண்டே ஆசிரியர் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே மணி நேரத்தில் கவனிப்பது உயிரை வாங்கும் வேலை.

வீட்டில் பேசும் மொழி

வட ஆற்காட்டுக்கே உரிய ஒரு விஷயம் இது. பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது பேசும் வீடுகள் நிறைய. குடியாத்தத்திலிருந்து சித்தூர் எல்லை வரை தெலுங்கு. இந்தப் பிள்ளைகள் தமிழ் வழிப் பள்ளிக்கு வரும்போது எதுவும் தெரியாமல் வருவதில்லை. 'ஒக்கட்டி, ரெண்டு, மூடு' என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு எண்ணுதல் தெரியும், சொல்தான் புதுசு.

எண்களில் தமிழ் அந்தப் பிள்ளைக்கு உதவியும் செய்கிறது. உருதுவில் 52 என்றால் 'பாவன்', அதில் ஐந்தும் இரண்டும் காதில் தனியாக விழாது, சொல்லையே மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் 'ஐம்பத்து இரண்டு' என்று சொல்லும்போதே ஐந்து பத்தும் இரண்டும் என்று இடமதிப்பு கேட்டுவிடுகிறது. ஆனால் தமிழிலும் ஒரு குழி உண்டு: எண்பதுக்கு அடுத்து 'தொண்ணூறு'. பேரில் நூறு, மதிப்பில் 90. தொள்ளாயிரமும் அப்படியே, பேரில் ஆயிரம், மதிப்பு 900. 'எண்பத்து ஒன்பது' வரை சரசரவென்று வந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றுபோனால், திட்டாமல் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

மதிப்பெண்ணும் செயலியும்

2012-13இல் வந்த முப்பருவ முறைப்படி ஒவ்வொரு பருவத்துக்கும் 100. அதில் 40 வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே செயல்பாடுகள் மூலமும் சின்னத் தேர்வுகள் மூலமும் பார்ப்பது. 60 தொகுத்தறி மதிப்பீடு, பருவத்தின் முடிவில் வைக்கும் தேர்வு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வளரறியின் ஒரு பகுதியை ஆசிரியர் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். நோக்கம் சரி: எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று பதிவு இருக்கும். ஆனால் ஜவ்வாது மலையில் சிக்னல் தேடி அலையும் ஆசிரியருக்கு இது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதையும் பேசியாக வேண்டும், ஆசிரியர் சங்கங்கள் இதைத் தொடர்ந்து சொல்லி வருகின்றன. பதிவு செய்யும் நேரம் பிள்ளையிடமிருந்து எடுக்கும் நேரமாகிவிட்டால் திட்டம் தன்னையே கெடுத்துக்கொள்ளும்.

கவனிக்காமல் விட்டால்

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதை உறுதி செய்தது. இது நல்ல முடிவு, ஃபெயில் ஆக்கினால் அந்தப் பிள்ளை ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடும், அல்லது பீடிக்கு இலை வெட்ட உட்கார்ந்துவிடும். ஆனால் இதன் இன்னொரு பக்கம், 'கொ' தெரியாமலே ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்ச் சேரலாம், அதுவரை யாருக்கும் மணி அடிக்காது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்காக 'திறன்' என்று தனித் திட்டமே கொண்டுவர வேண்டி வந்தது இதனால்தான். பதினோரு வயதில் எழுத்துக்கூட்டக் கற்பது ஏழு வயதில் கற்பதைவிடப் பல மடங்கு கஷ்டம், கூச்சமும் சேர்ந்துகொள்ளும். நிலை பார்ப்பது ஏன் தேவை என்றால் இதற்காகத்தான்.

இந்த வாரம் என்ன கேட்கலாம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போனால் கழிப்பறை, காம்பவுண்டு சுவரோடு இதையும் கேளுங்கள்:

1. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அரும்பில், எத்தனை பேர் மொட்டில், எத்தனை பேர் மலரில்? பேர் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். போன பருவத்தில் எத்தனை இருந்தது?

2. பயிற்சி நூல் எல்லோருக்கும் வந்துவிட்டதா?

3. ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாளில் வகுப்பை யார் பார்க்கிறார்கள்?

தனியாக ஆசிரியரிடம் கேட்க ஒரே கேள்வி: "இப்ப எதுல நிக்குறான், வீட்ல நாங்க என்ன பண்ணணும்?"

வீட்டில் பார்க்க, அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது பிள்ளையைப் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். காட்பாடி, குடியாத்தம், ஒடுகத்தூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா. குறில் நெடில், ஒற்று, ணை, கொ எல்லாம் இந்த ஐந்து பேரிலேயே வந்துவிடுகிறது. 'பள்ளிகெண்டா' என்று படித்தால் அங்கேயே தலையில் குட்டித் திருத்தாமல், திங்கட்கிழமை பள்ளியில் விடும்போது "மிஸ், கொ வர்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.